முதலில் காலி கேஜ்

அடியே,

இன்றைக்கு என்னை ஒரு கடையிலிருந்து வெளியே போகச் சொன்னார்கள். உன்னால்தான்.

பெங்களூரில் கண்ணாடிச் சுவர் வைத்த அந்தப் பெரிய லேப்டாப் கடையில் நின்றுகொண்டு, கைப்பையைத் துழாவி உன் பென் டிரைவை எடுத்தேன். அதோடு வளையத்தில் கோத்துத் தொங்குகிற உன் நைனாவின் பித்தளை டோக்கன் மேசைக் கண்ணாடியில் ணங்கென்று பட்டது. விரலில் பித்தளை வாடை ஒட்டிக்கொண்டது. காலை ரயிலில் என் டிபன் பாக்ஸ் மூடியை வாங்கிப் பிடிக்கும்போது உன் கையிலிருந்து வருமே, அதே வாடை. அந்த நொடியில் நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது என்று எழுதினால் அது பொய். நீ இல்லை என்பதுதான் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. எனக்கு அங்கேயே கோபம் ஏறிவிட்டது.

"மேடம், அதெல்லாம் ஹாக்பேடி, செருகாதீங்க," என்று விற்பனையாளன் குறுக்கே கையை நீட்டினான். "இது டிஸ்ப்ளே பீஸ்."

"வாங்கறதுக்கு முன்னாடி இதுல லினக்ஸ் ஓடுதான்னு பாக்கணும். உள்ள எதையும் அழிக்க மாட்டேன். பென் டிரைவுலேயே ஓடும், உருவினா பழையபடி ஆயிடும்."

"லினக்ஸெல்லாம் இன்ஜினியர்ஸ்க்கு மேடம். உங்களுக்கு எதுக்கு? சீரியல் பாக்கவா, பசங்க ஹோம்வொர்க்கா?" சொல்லிவிட்டு ஒரு மஞ்சள் பளபளப்பு லேப்டாப்பைத் திறந்து காட்டினான். "லேடிஸ்க்கு இதுதான் மூவிங். கோல்டு கலர்."

தங்கம் எடுத்த ஊர்க்காரியிடம் தங்கக் கலர் காட்டுகிறான். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சு தடித்தது. மானேஜர் வந்தார். வெளியிலிருந்து எதைச் செருகினாலும் வைரஸ் வரும் என்றார். வைரஸுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை நான் விளக்க ஆரம்பித்ததும், கஸ்டமர்கள் நிற்கிறார்கள், தயவுசெய்து நகருங்கள் என்றார். நானும் கஸ்டமர்தானே என்றேன். வாசலில் நின்ற காவலாளி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், பாவம், அவர் முகத்தில்தான் கொஞ்சம் வெட்கம் இருந்தது. நான் அழவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கழுத்து வியர்க்கும், அவ்வளவுதான்.

செருகிப் பார்க்காமல் வாங்கியிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது. ஊர் உலகமே அப்படித்தான் வாங்குகிறது. என்னை மட்டும் இப்படிக் கெடுத்து வைத்தவள் நீ.

உன் நைனா தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஷாஃப்டில் ஆட்களைக் கொண்டுபோகிற கூண்டை, அந்தக் கேஜை, இறக்கி ஏற்றுகிற பெரிய இயந்திரம் அவர் கையில் இருந்தது. ரிப்பேர் பார்த்த பிறகோ, நீண்ட நேரம் நின்று கிடந்த பிறகோ, கேஜில் ஆளை ஏற்றமாட்டார்கள். முதலில் காலி கேஜ் அடிவரை போய்விட்டு மேலே வரும். அது நல்லபடியாக வந்த பிறகுதான் ஆட்கள் ஏறுவார்கள். மேலே நிற்கிற பெரிய அதிகாரி அவசரப்படுத்தினாலும் உன் நைனா பிடிவாதமாக இருப்பாராம். "மொதல்ல காலி கேஜு போய்ட்டு வரட்டும். அப்பறம் ஆளு." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீ வாழ்க்கையையே நடத்தினாய். புது குக்கர் வாங்கினால் முதலில் வெறும் தண்ணீர். புதுச் செருப்பு வாங்கினால் வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம். பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "சும்மா ஒரு தடவ நாம மட்டும் போய்ட்டு வருவோம்" என்று ஆரம்பித்து உன் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கல்லூரி லேபில் மிசின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை உனக்கு. எந்த மிசின் வந்தாலும் முதலில், மிசினையே ஓட்டுகிற உன் இலவச லினக்ஸ் மென்பொருள் இருக்கிற இந்தப் பென் டிரைவ். திரை வருதா, சத்தம் வருதா, வைஃபை பிடிக்குதா, எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே நிரந்தரமாக ஏற்றுவாய்.

நாம் பழகியதே ரயிலில்தான். நீ ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நடந்துவந்து, ரயில் கிளம்புகிற மாரிகுப்பத்திலேயே ஏறிவிடுவாய். நான் வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும்போது ஜன்னல் பக்கம் நீயும், பக்கத்தில் எனக்காக உன் பையும் உட்கார்ந்திருக்கும். நின்றுகொண்டு வருகிறவர்கள் அந்தப் பையைப் பார்த்து முறைப்பார்கள். "ஆளு வருது, கோரமண்டல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். நான் பெங்களூரில் ஒரு அச்சகத்தில் பள்ளிக்கூட உரைநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். என் முதுகெலும்பு தேய்ந்து போனதே இந்த ரயிலில்தான். போகிற நேரத்தில் பாதி வேலையை மடியில் வைத்து முடித்துவிட்டால், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வீட்டில் இருக்கலாமே என்று ஒரு நாள் வாய்தவறிச் சொன்னேன். அன்றைக்கே நீ என் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டாய். அப்போது அது இன்னும் வாங்கப்படவே இல்லை.

எவ்வளவு சின்னது வேண்டும் என்பதில் ஆரம்பித்தாய். கடைக்காரர்கள் இன்ச்சில் பேசுவார்கள். நீ சீட்டில் பேசினாய். நம் லேடிஸ் கோச்சில் மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருவது சட்டம். நாலாவது ஆள் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பிறகும், என் முழங்கை யாருக்கும் இடிக்காமல் திறந்து டைப் அடிக்க முடிந்தால்தான் அது லேப்டாப் என்றாய். மறுநாள் புடவைப் பெட்டியை வெட்டி, நடுவில் துணி ஒட்டி, திறந்து மூடுகிற மாதிரி ஒரு அட்டை லேப்டாப் செய்துகொண்டு வந்தாய். பேனாவால் கட்டம் போட்டு எழுத்துகளெல்லாம் எழுதியிருந்தாய், தமிழ் எழுத்து. ஒரு வாரம் நான் அந்த அட்டையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு பெங்களூர் போனேன். கோச்சே சிரித்தது. எதிர் சீட்டில் உட்காருகிற கனகா, கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர், "இன்னாக்கா, மெயில் போயிடுச்சா?" என்று தினமும் கேட்பாள்.

"சிரிங்கடி," என்றாய் நீ. "காலி கேஜு போவுது."

முதல் அட்டை பெரியது. நாலாவது ஆளின் இடுப்பில் இடித்தது. ஓரத்தை வெட்டினாய். இரண்டாவது அட்டை சரியாக இருந்தது. அந்த அளவை உன் கைப்பையிலேயே நூலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாய். இன்றைக்கு அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் கேட்டானே, எத்தனை இன்ச் மேடம் என்று. நாலாவது ஆள் உட்காருகிற அளவு என்று சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இந்த லினக்ஸ் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். காசு கொடுக்க வேண்டாம் என்பதாலா என்றேன். உனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் மேட்டை ரயில் தாண்டிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாக மண் தூள் அடித்தது, நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினாய்.

"காசாடி விசயம்? மைன்ஸ்காரன் குடுத்த எங்க லைன் வீட்ட பாரு. என் தாத்தா காலத்துலருந்து அங்கதான் கீறோம். சுண்ணாம்பு நாங்க அடிச்சோம், ஓடு நாங்க மாத்தினோம், கக்கூசு நாங்க கட்டினோம். மைன்ஸ மூடினதும் ஒரு பேப்பர ஒட்டிட்டுப் போனான், காலி பண்ணுன்னு. வீடு அவுங்களுது, சாவி மட்டுந்தான் நம்முது. இந்தக் கம்ப்யூட்டரும் அப்பிடித்தான். நாளைக்கு எவனோ ஒருத்தன், உன் மிசின் பழசாயிடுச்சு, இனிமே சப்போர்ட்டு கிடையாதுன்னு ஒரு பேப்பர ஒட்டுவான். ஓடிகினு இருக்கற மிசின தூக்கிப் போடணும். அத்த நான் பண்ண மாட்டேன்."

அதற்குப் பிறகு நான் காசு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். "ஸ்க்ரூ இருந்தா அது வீடு. தொறக்கலாம், ரேமு மாத்தலாம், பேட்டரி மாத்தலாம். எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருந்தா அது லாட்ஜு." கைரேகை வைத்துத் திறக்கிற வசதி பல மாடல்களில் லினக்ஸில் ஓடாது என்றபோது நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன். "ஓடாட்டி போவட்டும்டி. நம்ம பாட்டனுங்க வடாற்காட்டுலருந்து மைன்ஸுக்குக் கூலியா வந்தப்ப வெச்ச கைநாட்டே போதும்," என்றாய். இப்படிப் பேசினால் யாருக்குத்தான் உன்மேல் ஆசை வராது.

ஆனால் வாங்க விடவில்லையே நீ. அதைச் சொல்ல வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் நான் ஒன்றைப் பார்த்து வைப்பேன். நீ ரயிலிலேயே போனைக் குடைந்து, யாரோ ஊர் பேர் தெரியாதவன் எழுதியதைப் படித்துவிட்டு, "இதுல தூங்க வெச்சா எழுந்துக்க மாட்டேங்குதாம்" என்பாய். இன்னொன்றில் வைஃபை சில்லு புதுசு, அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள் இன்னும் வரவில்லை, "வெயிட் பண்ணு." இன்னொன்றில் ரேம் போர்டோடு பற்ற வைத்திருக்கிறது, "வேணாம்." ஒரு மழைக்காலம் போய், வெயில் போய், மறுபடி மழை வந்தது. நான் அதே டெஸ்க்டாப்பில், அதே அச்சகத்தில், அதே முதுகுவலியோடு. அவசரப்படுத்தினால் உன் நைனா வந்துவிடுவார்.

இவ்வளவு ஜாக்கிரதை தெரிந்த பொம்பளைக்குத் தன் நெஞ்சு மட்டும் தெரியவில்லை.

இதை எழுதும்போது எனக்குத் துக்கம் இல்லை, உன்னை அறைய வேண்டும்போல இருக்கிறது. பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில் ரயில் நின்றிருந்தபோது இடது தோளைத் தேய்த்துக்கொண்டே நின்றாயே, அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேன்.

"டாக்டர் டிரெட்மில் டெஸ்டுக்கு எழுதிக் குடுத்து எவ்ளோ நாளாச்சு?"

"கேஸுடி. சோடா குடிச்சா போய்டும்."

"கேஸு தோள்ல வருமாடி?"

"தீபாவளி போவட்டும். லேப்ல எக்ஸாம் வருது. நான் லீவு போட்டா அங்க ஒரு மிசின் ஓடாது."

"ஓடாட்டி போவுது. ஊர்ல கீற மிசினுக்கெல்லாம் காலி கேஜு. உனக்குக் கெடையாதா?"

நீ சிரித்தாய். உன் நைனாவின் வாக்கியத்தை உன்மேலேயே திருப்பிவிட்டேன் என்று உனக்குச் சந்தோஷம் வேறு. சோடா வாங்கிக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டு, "பாத்தியா, போய்டுச்சு" என்றாய். அன்றைக்கு முழுவதும் நான் உன்னோடு பேசவில்லை. மறுநாள் என் சீட்டில் உன் பை வழக்கம்போல உட்கார்ந்திருந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. அச்சகத்தில் ஒரு பழைய மிசின் படுத்துவிட்டது, உன் பென் டிரைவைக் கொடு, போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டேன். யாருக்கும் அதைச் சும்மா கொடுக்கமாட்டாய். அதுவும் உங்கள் மைன்ஸ் வழக்கம்தான். ஷாஃப்டில் இறங்குகிறவன் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்குவான். மேலே வந்து விளக்கைக் கொடுத்தால் டோக்கன் திரும்பக் கிடைக்கும். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் பலகையில் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம், தேடப் போக வேண்டும். அதனால் உன் பென் டிரைவை வாங்குகிற யாரும் பதிலுக்கு ஒரு பொருளைக் கொடுத்தாக வேண்டும். அதை உன் கைப்பைக்குள் ஊக்கில் மாட்டித் தொங்கவிடுவாய். கல்லூரிப் பிள்ளைகளின் ஐடி கார்டு, கனகாவின் வீட்டுச் சாவி, என்னவெல்லாமோ அதில் தொங்கியிருக்கிறது. அன்றைக்கு என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. டிபன் பாக்ஸிலிருந்து ஸ்பூனை எடுத்துக் கொடுத்தேன். காம்பில் ஓட்டை இருக்கிற எவர்சில்வர் ஸ்பூன். நீ அதை ஊக்கில் கோத்துவிட்டு, "திங்கக்கெழம குடுத்துடு. இல்லன்னா தயிர் சோத்த கையிலதான் தின்னணும்," என்றாய்.

ஞாயிறு மதியம் கருவாட்டுக் குழம்பு சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய். சாயந்திரம் உன் வீட்டுக்காரர் டீ போட்டுக்கொண்டு வந்து எழுப்பினார். நீ எழுந்திருக்கவில்லை.

அவர்மேலும் எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னே போய்ட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரால் யாருக்காவது நெஞ்சடைக்குமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால், எடுக்கிற நேரத்தில் உள்ளே போய் உன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இத்த உட்டுட்டு ஒரு நாளும் வெளிய போனதில்லங்க," என்று சொல்லி உன் கால்மாட்டில் வைத்தார். அந்தப் பையோடுதான் உன்னைப் புதைத்தோம். உள்ளே ஊக்கில் என் ஸ்பூன் இருந்தது. அதை அங்கே நின்று யாரிடம் சொல்வது.

தை பிறந்ததும் அச்சகத்தில் மாடியைக் காலி செய்கிறோம் என்றார்கள். இனி மெய்ப்புப் பார்க்கிறவர்கள் சொந்த லேப்டாப் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம், முடியாதவர்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம். நாம் ஒரு வருஷமாக ஆசைப்பட்டது, இப்போது மிரட்டலாக வந்து நிற்கிறது. என் வீட்டில் இன்னொரு சம்பளம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை கையில் மிசின் இருக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்குத் தனியாகக் கிளம்பினேன், அதனால்தான் அந்தக் கண்ணாடிக் கடையில் அசிங்கப்பட்டேன்.

வெளியே வந்தவள் நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். உன்மேல் இருந்த கோபம்தான் என்னை எஸ்.பி. ரோடுக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஆபீஸ்களில் ஓட்டிக் கழித்த லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கிற கடைகள் அங்கே இருக்கின்றன. புதுசைவிட அதுதான் மேல் என்று நீயே கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தாய். பழசாகிவிட்டதால் அதன் உள்ளே இருப்பதெல்லாம் லினக்ஸுக்குப் பழகிப்போயிருக்கும், ஆபீஸ் மிசின் என்பதால் அடியில் ஸ்க்ரூ இருக்கும் என்று. ஒரு சந்துக்குள் படியேறி ஒரு கடைக்குப் போனேன். போனதும் பென் டிரைவை நீட்டி, "இத்த செருகித்தான் பாப்பேன், விட மாட்டேன்னா இப்பவே சொல்லிடுங்க," என்று சண்டைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எதை வேணா செருகுங்கம்மா. ஓடலன்னா வாங்காதீங்க. எதுக்குக் கத்துறீங்க?"

தண்ணீர் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

உன் நூலை உன்னோடு புதைத்துவிட்டோம், ஆனால் அட்டை என்னிடம் இருந்தது. அதைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு லேப்டாப்பின்மேலும் வைத்துப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அளவுக்குள் மூன்று வந்தன. முதலாவதைத் தொடங்கும்போதே விசையை அழுத்திப் பிடித்து, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். நீ வைத்திருக்கிற அந்த நீல மலைப் படம் திரையில் வந்தது. பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, இதை மட்டும் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே என்று. அதில் வைஃபை பிடிக்கவில்லை. தள்ளி வைத்தேன். இரண்டாவதில் வைஃபை பிடித்தது, பாட்டு கேட்டது, ஆனால் மூடியை மூடித் திறந்தால் திரை இருட்டாகவே கிடந்தது. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. அதையும் தள்ளினேன்.

மூன்றாவது கறுப்பு. மேலே ஏதோ ஆபீஸ் ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பு. அடியில் ஸ்க்ரூ. திரை வந்தது, சத்தம் வந்தது, வைஃபை வந்தது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற விசைகள்கூடச் சொன்னபடி கேட்டன. நீ ஏற்றி வைத்த விசைப்பலகையில் அகரம் அடித்தேன், அகரம் விழுந்தது. கைரேகை மட்டும் ஓடவில்லை. போகட்டும். கடைசியாக மூடியை மூடினேன். எல்லா மிசினும் நல்லாத்தான் தூங்கும், எழுந்திருக்கிறதா என்பதுதான் பேச்சு என்று நீ சொல்வாய். கடைக்காரர் டீ வரவழைத்திருந்தார். டீயை முழுவதும் குடித்து முடிக்கும்வரை மூடியைத் தொடவில்லை. பிறகு திறந்தேன்.

உடனே எழுந்துகொண்டது. நீல மலை, பக்கத்தில் நான் அடித்த அகரம், விட்ட இடத்தில் அப்படியே.

யாரோ வேலை வாங்கிவிட்டுக் கழித்துப் போட்ட ஒரு டப்பா. அதற்குத் தெரிகிறது. உனக்குத் தெரியவில்லையே, சனியனே. கடைக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்க, அங்கேயே அழுது தீர்த்தேன். கழுத்து வியர்க்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை நம்பாதே.

மேலே உள்ளது சனிக்கிழமை எழுதியது. இன்று புதன். இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதை மூட முடியவில்லை.

திங்கட்கிழமை நான் வாங்கிய அந்தக் கறுப்பு லேப்டாப்போடு ரயில் ஏறினேன். அச்சகத்தில் காட்டி, கையெழுத்துப் போட்டு வர வேண்டியிருந்தது. வேலை நின்றது, அதாவது என்னிடமே நின்றது. உன் ஜன்னல் சீட்டில் இப்போது கனகா உட்காருகிறாள். யார் உட்காரச் சொன்னார்கள் என்று முதல் மாதம் அவள்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. நாலாவது ஆள் வந்து ஒட்டிக்கொண்ட பிறகு மடியில் வைத்துத் திறந்தேன். யாருக்கும் இடிக்கவில்லை. கனகா எட்டிப் பார்த்தாள்.

"அட்டைக்கு உசுரு வந்துடுச்சாக்கா?" என்றாள். பிறகு, "என் வூட்ல ஒண்ணு கீது. தொறந்தா தோச சுட்டு முடிச்சிடலாம், அவ்ளோ ஸ்லோ. புதுசா வாங்கிக்கோன்றான் கடக்காரன். அக்காவோட அந்தப் பென் டிரைவு உன்கிட்டதான கீது? குடேன், போட்டுப் பாக்கறேன்."

கேட்டுக்கொண்டே இடது தோளைத் தேய்த்தாள்.

"அங்க இன்னாடி பண்ணுது?"

"கேஸுக்கா. ரெண்டு மூணு வாரமா."

லேப்டாப்பை மூடினேன். டோக்கனோடு பென் டிரைவை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "வேணுமா? இசிஜி எடுத்து, அந்தப் பேப்பர கொண்டாந்து குடு. அதுதான் அடமானம். ஐடி கார்டு, சாவி எதுவும் செல்லாது."

"லேப்டாப்புக்கும் இசிஜிக்கும் இன்னாக்கா சம்பந்தம்? பைத்தியமா நீ?"

"ஆமா, பைத்தியம். மொதல்ல காலி கேஜு. அப்பறம் ஆளு."

நான் கத்தியதில் கோச்சே திரும்பிப் பார்த்தது. கனகா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

இன்று காலை நான் ஏறியதும், பையிலிருந்து நாலாக மடித்த கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து என் மடியில் எறிந்தாள். "இந்தா. ஏதோ சரியில்லன்றாரு டாக்டரு. மாத்திர எழுதியிருக்காரு, இன்னும் ரெண்டு டெஸ்டு பாக்கணுமாம். சந்தோசமா?" குரலில் சண்டை இருந்தது. கண்ணில் இல்லை. நான் காகிதத்தை என் கைப்பைக்குள் ஊக்கில் குத்தி மாட்டிவிட்டு, பென் டிரைவை அவளிடம் கொடுத்தேன். டோக்கனை மட்டும் வளையத்திலிருந்து கழற்றி வைத்துக்கொண்டேன்.

உன்னிடம் மட்டும் இதைச் செய்ய வழியில்லாமல் போயிற்று. ஊருக்கெல்லாம் கடன் கொடுப்பாய், யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டாய். எதையாவது கேட்டிருந்தால், ஒரு குண்டூசியாவது கேட்டிருந்தால், அடமானம் வை என்று உன் கழுத்தைப் பிடித்து டெஸ்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். பிடிக்க ஒரு பிடி கொடுத்தாயா நீ?

கனகா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் இறங்குகிற வைட்பீல்டு வந்ததும் நானே தட்டி எழுப்பினேன். இப்போதெல்லாம் அவளை நான்தான் எழுப்புகிறேன். மாதக் கடைசிவரை அச்சகத்துக்குப் போய்வர வேண்டும். இன்று மதியம் அங்கே தயிர் சோற்றைக் கையாலேயே சாப்பிட்டேன். வேறு ஸ்பூன் வாங்கமாட்டேன்.

என் ஸ்பூன் உன் ஊக்கில்தான் தொங்குகிறது. உன் வழக்கப்படி நான் இன்னும் மேலே வரவில்லை. ஷிஃப்ட் முடிந்தும் தொங்கினால் தேடிக்கொண்டு வர வேண்டும் என்பது உங்கள் மைன்ஸ் சட்டம்தானே? வா. வந்து தேடு.